கேட்டதற்கெல்லாம் காசு

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த என் தம்பி செருப்பை வாசலில் கழற்றிவிட்டான். பிறகு ஏதோ நினைத்தவன்போலத் திரும்பிப் போய், அதைக் கையில் எடுத்துவந்து கதவுக்குப் பின்னால் வைத்தான். நான் பார்த்தேன், பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் செருப்பு திருடு போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வறுத்த வஞ்சிரத்தை ஓரமாக ஒதுக்கினான். கேட்டால், "ஒன்னியும் இல்லக்கா, வெயிலு" என்றான். மேகம் மூடிய நாள் அது.

அவன் மோர் கேட்டபோது வாசலில் குரல் வந்தது. எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அம்மாள். எண்ணூர் பக்கத்துக் குப்பத்தில் இருந்து வருபவள். கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அன்று கூடை இல்லாமல் வந்திருந்தாள்.

"ந்தாம்மா, ஒன் தம்பி கீறானா உள்ள?"

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிவிட்டாள். கதவுக்குப் பின்னால் இருந்த செருப்பு அவள் கண்ணில்தான் முதலில் பட்டது.

"ஒளிச்சி வச்சிகிறான் பாரு. நைனா, வெளிய வா. செருப்புக்கு நீ வெக்கிற பாதுகாப்ப என் சிம்முக்கு வச்சிருந்தா நான் இம்மாந்தொலவு வருவனா?"

"சாப்ட்டுனு கீறேன் இல்ல" என்றான் தம்பி, எழுந்திருக்காமல்.

"துன்னு, துன்னு. நல்லா துன்னு. எங்க வூட்டுக்காரரு நேத்து விடியக்கால போனாரு. புள்ளி முகத்துவாரத்துலயே நின்னுனு கீது. ஆளு அங்க கீறாரா ஆந்திராவுல கீறாரான்னு நான் யார கேக்கறது? மத்தியானம் கரைக்கு வந்துட்டாரு, அது ஆத்தா புண்ணியம். ஒன் சிம்மு புண்ணியம் இல்ல."

புள்ளி என்று அவள் சொன்னது போனில் தெரியும் படகின் இடத்தை. அதற்கு முந்தைய வருடம் அந்தக் குப்பத்துப் படகு ஒன்று எஞ்சின் பழுதாகி வடக்கே வெகுதூரம் அடித்துக்கொண்டு போனது. ஆட்கள் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு குப்பத்துப் பெண்கள் தங்கள் சீட்டுப் பணத்தில் இருந்து படகுக்கு ஒரு டிராக்கர் வாங்கிவிட்டார்கள். உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு சிம். படகு எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி அனுப்பும், வீட்டில் இருக்கும் பெண் போனில் பார்ப்பாள். சிம்மில் பேலன்ஸ் தீர்ந்தால் புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மறையாது. அதுதான் பயம். பார்க்கிறவளுக்குப் படகு நிற்கிறதா, சிம் செத்துவிட்டதா என்று தெரியாது.

பெட்டிகளையும் சிம்களையும் விற்றவன் என் தம்பி. அவன் கடை அந்தக் குப்பத்திலேயே, ஊர்ப் பொதுக்கூடத்தை ஒட்டிய அறையில் இருந்தது. அறை ஊருக்குச் சொந்தம். நாங்கள் திருவொற்றியூர்க்காரர்கள், அந்த மீனவச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஊர் கொடுத்த இடம் என்பதால் ஊர் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம். சொல்லிவிட்டால் அந்தக் கரையில் வேறு யாரும் அவனிடம் ஒரு சார்ஜர்கூட வாங்க மாட்டார்கள்.

"மத்த போன்ல எல்லாம் நெட்டு மாசம் முழுக்க வருது. படகு சிம்மு மட்டும் பாதியில பூடுது" என்றாள் மீன்காரம்மா என்னிடம். "லாரில மாட்டிகிற பொட்டிக்கி ஒன்னும் ஆவல, எங்களுக்கு மட்டும் ஆவுது. கேட்டா ரீசார்ஜ் பண்ணிட்டேன்றான். பண்ண சிம்மு எப்டி சாவும்? இன்னாத்த டபாய்க்கிறான் நீயே கேளு. செவ்வாக்கெழம பஞ்சாயத்து. சூடம் அணைக்க சொல்லிகிறாங்க. தொர மாட்டேன்றாரு."

அந்தக் குப்பத்தில் செவ்வாய்க்கிழமை யாரும் படகு இறக்குவதில்லை. அன்றுதான் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். திருட்டுப் பழி விழுந்தவன் கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு முடிந்தது. மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போன பிறகு கேட்டேன். "ஏன் மாட்டேன்னு சொன்ன?"

"அத்த நீ மட்டும் கேக்காதக்கா" என்றான். கை கழுவினான். கதவுக்குப் பின்னால் இருந்து செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்றும் எடுக்காதவன் சூடம் அணைக்க ஏன் பயப்பட வேண்டும்? அன்று மாலை முழுக்க இதே கேள்விதான். அவன் கடையில் புதிதாக வந்திருந்த கண்ணாடி அலமாரி நினைவுக்கு வந்தது. அவன் தொழிலில் ஏமாற்றுவது கடினம் அல்ல. வாடிக்கையாளர் பெரிய டேட்டா பேக்குக்குப் பணம் கொடுப்பார்; கடைக்காரன் சிறிய பேக்கைப் போட்டுவிட்டு "ஆச்சு" என்பான். போனில் செய்தி வரும். படிக்கத் தெரியாதவர் படிக்க மாட்டார். படகு சிம்மில் அந்தச் செய்தியைப் பார்க்கத் திரைகூட இல்லை. இதைவிட வசதி ஒரு திருடனுக்கு வேண்டுமா?

இதையெல்லாம் நான் யோசித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த சிம்கள் எந்தக் கம்பெனியுடையவையோ அந்தக் கம்பெனியில்தான் எனக்கு வேலை. பேசுவதற்கும் பார்ப்பதற்கும் எப்படிக் காசு எடுக்க வேண்டும் என்பதை இயந்திரத்துக்குச் சொல்லும் விதிகளை எழுதும் பிரிவு. நெடுங்காலமாக இதே பிரிவு.

இந்த வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு போன் நாம் தொடாதபோதும் பேசிக்கொண்டே இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று டவரிடம் சொல்லும். "இந்தப் பெயருக்கு எந்த முகவரி" என்று கேட்கும். "மணி என்ன" என்று கேட்கும். இவற்றை எங்கள் அலுவலகத்தில் கன்ட்ரோல் டிராஃபிக் என்போம். கடைக்குப் போய் அரிசி இருக்கிறதா என்று கேட்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, வாங்கினால்தான் காசு. அதேபோல இந்தக் கேள்விகளுக்குக் காசு எடுக்கக் கூடாது என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. எழுதாத பழக்கம் அல்ல, இயந்திரத்தில் எழுதிய விதி. அதனால் அன்று என் சந்தேகம் இயந்திரத்தின்மேல் போகவில்லை. தம்பியின்மேல்தான் போனது.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். மீன்காரம்மா காலையில் தெருவுக்கு வந்தபோது, அவள் படகில் இருக்கும் பெட்டியை ஒரு நாள் தர முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"பாக்கணும்."

"ஒன் தம்பி கிட்ட கேட்டா அவனே வேற குடுப்பானே?"

"அவனுக்குத் தெரிய வேணாம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடை போடும் பார்வை. "ஓ" என்றாள். பிறகு கூடையை என் வாசலிலேயே வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய், பெட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள்.

இருப்பைப் பார்க்க என் போனில் ஆப் இருந்தது. அதற்கான ஓ.டி.பி. அவள் போனுக்கு வந்தது. அவள் ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள், நான் போட்டேன். முதலில் பார்த்தது எந்த பேக் என்று. அவள் பணம் கொடுத்த அதே பேக். சிறியது அல்ல.

"சரியான பேக்குதான் போட்டிருக்கான்" என்றேன்.

"அப்ப வேற எதோ பண்றான்" என்றாள் அவள், சற்றும் தயங்காமல். நானும் அப்படியே நினைத்தேன் என்பதைச் சொல்லவில்லை.

அவள் மீன் விற்கப் போனாள். இருந்த பேலன்ஸ் போதாது என்று அதே சிம்முக்கு நானே என் கையால் ரீசார்ஜ் செய்தேன், தம்பியின் கடை நடுவில் வராதபடி. பெட்டியை இயக்கிக் கூடத்து மேசையில் வைத்தேன். வீட்டுக்குள் கூரை மறைப்பதால் அதற்குத் தன் இடம் தெரியாது. இடம் தெரியாவிட்டால் அனுப்புவதற்கும் ஒன்றும் இல்லை. எனவே பேலன்ஸ் குறையக் கூடாது. சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தேன். அசையவில்லை.

லாரிப் பெட்டியும் இப்படித்தான் ஒரே இணைப்பில் இருக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைத் தினமும் பார்க்கிறேன். நாள் முழுக்க அவை டவர்களின் காலடியிலேயே நிற்கின்றன. படகு அப்படி இல்லை. ஈர வலைக்கு அடியில் பெட்டி கிடக்கிறது. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனதும் அலை தூக்கினால் சிக்னல் கிடைக்கும், இறக்கினால் போகும். அந்த மலிவான பெட்டி சிக்னல் போனதும் தன்னைத்தானே அணைத்து, மறுபடி முதலில் இருந்து இணைப்பைக் கேட்கும்.

பரணில் இருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே இருந்த பட்டுப்புடவைகளை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, டிராக்கரை, அதன் விளக்கு மட்டும் தெரியும்படி, சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி உள்ளே வைத்து மூடினேன். இணைப்பு அறுந்து விளக்கு சிவப்பானதை மூடியின் இடுக்கில் பார்த்தேன். திறந்தேன். தாளைப் பிரித்தேன். பச்சையானது. பேலன்ஸைப் பார்த்தேன்.

குறைந்திருந்தது.

மறுபடி மூடினேன், திறந்தேன். மறுபடி குறைந்தது, அதே அளவு. படகின் இடம் ஒன்றுகூடப் போகவில்லை. போனது அந்தக் கேள்விகள் மட்டும்: நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பெயருக்கு எந்த முகவரி, மணி என்ன. அதற்குக் காசு எடுக்கப்பட்டிருந்தது. அதுவும் ஒவ்வோர் இணைப்புக்கும் குறைந்தபட்சக் கட்டணமாக. கேள்வி எவ்வளவு சிறியதானாலும் ஒரு முழு அலகு.

தகரப் பெட்டிக்குள் புடவைகளைத் திரும்ப அடுக்கும்போது, தம்பிக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. செய்யவில்லை. இதில் அவன் பங்கு இல்லை என்பதுதான் தெரிந்தது. வேறு எதிலும் பங்கு இல்லை என்று இன்னும் தெரியவில்லை. சூடம் அணைக்க ஏன் மறுத்தான்?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் மெட்ரோ பிடித்து அலுவலகத்துக்குப் போய்விட்டேன். என் வேலை வெளிமாநில இணைப்புகளுக்கான விதிகள். உள்ளூர் விதிகளைப் பார்த்துக்கொண்டவர் வேறொருவர், என்னைவிட இளையவர். சில மாதங்களுக்கு முன் பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியது வைத்தபோது, விதிகளை மாற்றி எழுதியதும் அவர்தான். நான் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, எண்ணூர் பக்கத்து டவர்களில் ஓடும் விதிகளைத் திரையில் காட்டச் சொன்னேன்.

"எண்ணூர் எதுக்கு மேடம்?"

"ஒரு புகார்."

"டிக்கெட் நம்பர் சொல்லுங்க."

"இன்னும் போடல."

சிரித்தார். "உங்க வீடு அந்தப் பக்கம்தானே."

"ஆமா. சிம் வித்தது என் தம்பி. அதையும் எழுதித்தான் புகார் தரப்போறேன். இப்ப திரையைத் திருப்புங்க."

விதிகளுக்கு வரிசை உண்டு. துறைமுக வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பாஸ் உள்ளவரைக் காசு வாங்காமல் விடுபவர், மற்றவர் வருகிற எல்லோரிடமும் காசு வாங்குபவர். பாஸ் பார்ப்பவர் முன்னால் நின்றால்தான் பாஸுக்கு மதிப்பு. இருவரும் இடம் மாறினால் பாஸ் இருந்தும் பயன் இல்லை, முதல் ஆளே வாங்கிவிடுவார். யார் முன்னால் நிற்பது என்பதை ஓர் எண் சொல்லும். எங்கள் பழைய இயந்திரத்தில் பெரிய எண் முன்னால். புதியதில் சிறிய எண் முன்னால். எனவே இயந்திரம் மாறியபோது எல்லா எண்களையும் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் திருப்பியிருந்தார், கன்ட்ரோல் டிராஃபிக்குக்குக் காசு இல்லை என்ற விதியைத் தவிர. அது மட்டும் பழைய பெரிய எண்ணோடு கடைசியில் நின்றது. அதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் காசு எடு என்ற விதி.

தினமும் நிறைய டேட்டா கிடைக்கும் போன்களில் இந்தத் துளி யாருக்கும் தெரியாது. சொற்ப டேட்டாவோடு நாள் முழுக்க அறுந்து அறுந்து இணையும் படகு சிம்மில்தான் அது தெரியும்.

"இது?" என்றேன்.

குனிந்து பார்த்தார். அவர் காது சிவந்ததா, விளக்கு வெளிச்சமா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது.

"விட்டுப்போச்சு மேடம்."

"மத்த எல்லாத்தையும் திருப்பியிருக்கீங்க. இது மட்டுமா?"

"அதான் விட்டுப்போச்சுன்னு சொல்றேன்ல."

"யாராவது சொல்லி விட்டீங்களா?"

"நீங்க யாராவது சொல்லிக் கேக்கறீங்களா?"

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இலவச வழியில் சிலர் திருட்டுத்தனமாகப் படம் பார்க்கிறார்கள், டேட்டாவைக் கேள்விபோல மாற்றி அனுப்பிவிடுகிறார்கள் என்று அதற்கு முன் ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. மேலே இருந்த ஒருவர், "எல்லாத்துக்கும் காசு போட்டுட்டா திருட வழியே இருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அது வேடிக்கை என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். இந்த இளைஞரும் அந்த அறையில் இருந்தார்.

புகாரை எழுதினேன். மதியத்துக்குள் அந்த எண் திருத்தப்பட்டது. வழக்கமான திருத்தங்களில் ஒன்றாக, காரணம் எழுதாமல். எடுத்த காசு திரும்ப வருமா என்று கேட்டேன். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனியாகப் புகார் செய்தால் பார்க்கலாம் என்றார்கள். நான் கிளம்பும்போது அந்த இளைஞர் பின்னால் வந்து, "இதை வெளிய சொல்ல வேணாம் மேடம், உங்களுக்கும் நல்லதில்ல" என்றார். கெஞ்சினாரா மிரட்டினாரா என்று குரலில் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

விம்கோ நகர் வரை மெட்ரோ, பிறகு ஷேர் ஆட்டோ. குப்பத்தில் இறங்கியபோது கோயில் முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் சுவரை ஒட்டி. தம்பி நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் தட்டில் கற்பூரம், இன்னும் ஏற்றவில்லை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. சந்தோஷமாக மாறவில்லை.

"நீ ஏன் வந்த?"

"பேச வந்திருக்கேன்" என்று தலைவரிடம் சொன்னேன். தலைவர் வயதான படகுக்காரர், ஊர்ப் பொறுப்பை நெடுநாளாகப் பார்ப்பவர்.

"படிச்ச பொண்ணு வந்துகிது. சொல்லட்டும்" என்றார்.

சொன்னேன். திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவை வைத்துச் சொன்னேன். ஏறிய இடத்தில் இருந்து கடைசி வரை போனால் ஒரு காசு. தெருவுக்குத் தெரு இறங்கி ஏறினால் ஒவ்வொரு முறையும் மினிமம் சார்ஜ். உங்கள் பெட்டி அலைக்கு அலை இறங்கி ஏறுகிறது. ஏறுவதற்குக் காசு கிடையாது என்று விதி இருந்தது. அது வேலை செய்யவில்லை. இன்று மதியம் சரிசெய்தாயிற்று. இதில் கடைக்காரருக்குச் சம்பந்தம் இல்லை.

"அப்ப எங்க பொட்டி கடல்ல சேர் ஆட்டோ ஓட்டிகினு இருந்துச்சா?" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

தலைவர் சிரிக்கவில்லை. "மினிமம் சார்ஜு யாரு வாங்குனது?"

"கம்பெனி."

"நீ எந்த கம்பெனி?"

"அதே கம்பெனிதான்."

"மெய்யாலுமா?" என்றான் முதலில் பேசியவன். "அக்கா அங்க எடுக்குது, தம்பி இங்க விக்கிறான். சூப்பர் குடும்பம் மாமு."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. தம்பியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறாள் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

தலைவர் கையைத் தூக்கினார். "சரி. தம்பிய உடு. நீ படிச்சவ, உள்ளாற குந்தி வேல பாக்குறவ. சூடத்த ஏத்து. அது தெரியாம நடந்துச்சு, இன்மே நடக்காதுன்னு ஆத்தா முன்னால அணச்சிட்டுப் போ. நாங்க நம்பிடறோம்."

யாரோ தீப்பெட்டியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

எண்ணைத் திருத்தியதை என் கண்ணால் பார்த்தேன், அதைச் சொல்ல முடியும். அது தெரியாமல் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு நாள் இன்னொருவர் இன்னோர் எண்ணை மாற்ற மாட்டார் என்றும் தெரியாது.

"இன்னைக்குச் சரிபண்ணதுக்கு வேணா அணைக்கிறேன்" என்றேன். "கம்பெனி மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு என்னால முடியாது."

அப்போது சுவர்ப் பக்கத்தில் இருந்து மீன்காரம்மாவின் குரல் வந்தது.

"இத்தயேதான அவனும் சொன்னான். நான் துட்டு எடுக்கலன்னு அணைக்கிறேன், சிம்முல கொற இல்லன்னு அணைக்க மாட்டேன், உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதுன்னான். நாம மாட்டேன்ற வார்த்தய மட்டும் புடிச்சிகினோம்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கற்பூரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதற்குச் சத்தியம் செய்ய மறுத்தான் என்று நான் ஒருமுறைகூடச் சரியாகக் கேட்டிருக்கவில்லை. மாட்டேன் என்றான், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தலைவர் பக்கத்தில் இருந்த இரண்டு பெரியவர்களிடம் குனிந்து பேசினார். பிறகு முடிவைச் சொன்னார். யாரும் சூடம் அணைக்க வேண்டாம். கடை இருக்கட்டும். ஆனால் இனி படகு கரைக்கு வந்து மீனை ஏலம் விடும்போது, மீன் போன விலையைக் கூவியதும் ஏலக்காரர் அந்தப் படகு சிம்மின் பேலன்ஸையும் கூவ வேண்டும். ஊரே கேட்க வேண்டும். குறையக் கூடாத அன்று குறைந்தால் மறுபடி பஞ்சாயத்து.

"கம்பெனி நல்லவனா கெட்டவனான்னு நமக்குத் தெரியப் போறதில்ல" என்றார். "கண்ண தொறந்து வச்சிகினு இருப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். தட்டை யாரோ கோயிலுக்குள் எடுத்துப் போனார்கள். தீப்பெட்டி என் கையிலேயே இருந்தது, திருப்பிக் கொடுத்தேன்.

தம்பி கடையைத் திறக்கப் போனான். நானும் கூடப் போனேன். அவன் ஷட்டரைத் தூக்கினான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சிம்லதான் கோளாறுன்னு நெனச்சா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"ஒன் கம்பெனி சிம்மு. ஒன் வூட்ல குந்தி சோறு துன்னுகினு, ஒன் கம்பெனி திருடுதுன்னு எப்டிக்கா சொல்றது?" கல்லாவைத் துடைத்தான். "நீயே ஏதாச்சும் பண்ணிட்டியோன்னு வேற இருந்துச்சு."



"அந்த அம்மா சொன்னாங்க" என்றான் துடைத்துக்கொண்டே. "பொட்டிய நீ வாங்கினு போனியாமே. எனக்குத் தெரிய வேணான்னியாம்."

"ஆமா."

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"வேற பெட்டிய மாத்திக் குடுத்துடுவியோன்னு நெனச்சேன்."

துணியை மடித்து வைத்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் டேங்கர் லாரி ஒன்று போனது. அது தூக்கிய சாம்பல் தூசி கண்ணாடி அலமாரியின்மேல் படிவதை இருவரும் பார்த்தோம். அலமாரி, பக்கத்துக் கடை மூடியபோது பழைய சாமான் விலைக்கு வந்ததாம். நான் கேட்காமலே சொன்னான்.

அடுத்த வாரங்களில் புள்ளிகள் நிற்கவில்லை. நான் மீன் வாங்கக் கரைக்கே போன ஒரு காலையில், ஏலக்காரர் சங்கரா கூடையின் விலையைக் கூவிவிட்டு அதே ராகத்தில் பேலன்ஸையும் கூவுவதைக் கேட்டேன். பெண்கள் தங்கள் போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை. யாரும் சண்டையும் போடவில்லை. டவர் பக்கம் பார்க்கும்போது அவர்கள் பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று என் போனுக்கும் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. தம்பி கடையில் நின்றேன். முன்பெல்லாம் எண்ணைக்கூடக் கேட்க மாட்டான். போட்டுவிட்டு, "ஆச்சுக்கா" என்பான். அன்று தன் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தான். என் எண்ணைப் போட்டு, "இதானே?" என்றான். பேக்கைத் தொட்டு, "இதானே?" என்றான். பணம் போனதைக் காட்டினான். செய்தி வந்ததைக் காட்டினான்.

"போதும்டா" என்றேன்.

"இல்லக்கா, நல்லா பாத்துக்கோ" என்றான். "எல்லாருக்கும் இப்டித்தான் காட்டறேன்."

நான் கடைசி வரி வரை படித்தேன். அவன் காத்திருந்தான்.